சூடேற்றிப் பார்க்காத குழாய்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் பதினோரு பேருக்கும் வணக்கம். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. ‘உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க, புதுசா வந்தவங்களுக்குப் பயன்படும்’ என்று ஆய்வகத்திலிருந்து கேட்டார்கள். உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். கரைப்பான் பீப்பாய் கசிந்த அன்று என்ன செய்தேன், வெளிநாட்டு வாடிக்கையாளர் கத்தியபோது எப்படிச் சமாளித்தேன் என்றெல்லாம் எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். எல்லாக் கதையிலும் நானே கெட்டிக்காரன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான்கையும் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

என் முப்பத்தோரு வருஷ வேலையில் நான் செய்த மிகப் பெரிய தவறு கவனக்குறைவால் வந்ததில்லை, தெரியாமல் செய்ததும் இல்லை. பொறாமையால் செய்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன். நீங்கள் படித்த பாடத்தில் அதற்கென்று ஒரு பாதுகாப்பு விதியும் கிடையாது.

நமது தொழில் உங்களுக்குத் தெரியும். ஆனால் சிலர் கணக்குப் பிரிவிலும் கிடங்கிலும் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்காகச் சொல்கிறேன். அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோத்துப் பெப்டைடு செய்வது நம் வேலை. பெரும்பாலான அமினோ அமிலங்கள் சொன்னபடி கேட்கும். சில கேட்காது. அவற்றின் மையக் கார்பனில் இரண்டு பக்கமும் கிளை துருத்திக்கொண்டிருக்கும். சேலம் டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் முழங்கையை அகட்டி உட்கார்ந்திருப்பாரே ஒருவர், அந்த மாதிரி. அப்படிப்பட்ட இரண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். சாதாரண வழிகளில் நடக்காது. வாரக்கணக்கில் கிண்டினாலும் பாதி சேராது. சேர்ந்ததும் பாதி கெட்டுப்போயிருக்கும்.

இந்த நெருக்கடி வேலையில் நான் பேர் எடுத்தவன். சேலத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையில் நம் ஆய்வகம் தகரக் கூரையோடு ஒரே ஒரு கட்டடமாக இருந்த காலத்திலிருந்தே, ‘இடுக்கு வேலையா, அவர்கிட்டக் கொடு’ என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காகவே காலையில் எழுந்து வந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. சேந்தமங்கலத்தில் என் சொந்தக்காரர்களுக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கடைசிவரை புரியவில்லை. ‘மாத்திரைக் கம்பெனி’ என்பார்கள். புரிந்தவர்கள் இங்கே இருந்த முப்பது பேர்தான். அவர்கள் மதிப்பு எனக்குப் போதும் என்றிருந்தேன்.

அப்போதுதான் வளர்மதி வந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஓட்டுகிறவர் மகள். ஆராய்ச்சிப் பட்டம் முடித்த கையோடு இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் சேர்ந்தார். நிரந்தரம் செய்வதா இல்லையா என்பதை இரண்டாம் வருஷக் கடைசியில் முடிவு செய்வார்கள். எனக்கு எதிர் மேசை கொடுத்தார்கள். எல்லாரையும் போல என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டார். முதல் ஒன்றரை வருஷம் எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவருடைய இரண்டாம் வருஷத்தில் ஒரு வாடிக்கையாளர் பொல்லாத ஒரு பெப்டைடு கேட்டார். நடுவில் அகட்டி உட்காரும் அமிலங்கள் இரண்டு அடுத்தடுத்து. அதில் ஒன்றின் நைட்ரஜனிலும் ஒரு கிளை வேறு. வேலை இயல்பாக என் மேசைக்கு வந்தது. பதினான்கு படிகளில் செய்யத் திட்டம் போட்டேன். ஐந்து மாதம் ஓடியது. ஒன்பதாவது படியைத் தாண்ட முடியவில்லை. நானும் சளைக்காமல் ஒவ்வொரு கூட்டத்திலும் ‘இன்னும் கொஞ்சம் நாள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு கூட்டத்தில் வளர்மதி கை தூக்கினார். “சார், ஒண்ணு கேக்கலாங்களா? அந்த எடத்த மட்டும் பல்கூறு வினைல பண்ணிப் பாத்தா என்னங்க?” என்றார்.

பல்கூறு வினை என்பது வேறொன்றுமில்லை. ஒவ்வொன்றாகக் கோப்பதற்குப் பதிலாக, அமீன், கீட்டோன், அமிலம், ஐசோசயனைடு என்று நான்கு பொருள்களை ஒரே ஃப்ளாஸ்க்கில் போட்டுக் கலக்குவது. அவை தமக்குள் பேசி முடித்துக்கொண்டு, அந்த நெருக்கமான இடத்தைத் தாமே கட்டிவிடும். முழங்கை அகட்டிய இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைக்காமல், உட்கார்ந்த பிறகு முழங்கை முளைக்க வைப்பது போல. புத்தகத்தில் எனக்கும் தெரியும். ‘அதெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு நல்லா இருக்கும்’ என்று எப்போதோ ஒதுக்கி வைத்திருந்தேன்.

மேலாளர், “பண்ணிப் பாருங்களேன்” என்றார்.

ஐசோசயனைடின் நாற்றம் பற்றி நீங்கள் போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள். சேகோ என்கிற ஜவ்வரிசி ஆலைக் கழிவும் கோழிப் பண்ணையும் கலந்த காற்றில் வளர்ந்த எங்களுக்கே குமட்டும். வளர்மதி முதல் தடவை செய்த அன்று பக்கத்துக் காட்டில் விவசாயம் செய்கிறவர் வாசலுக்கே வந்துவிட்டார். “ஏனுங்க, பொணம் கிணம் எதையாவது ஒளிச்சு வெச்சிருக்கறீங்களா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அறைக்குப் போய்ப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு புகார் எழுதினேன். நாற்றத்தை உறிஞ்சி வெளியே தள்ளும் காற்றுப்போக்கி சரியாகத்தான் வேலை செய்தது. நானே இருபது வருஷமாக அதைவிட மோசமானவற்றைத் திறந்து மூடியவன். இருந்தும் எழுதினேன்.

இரண்டு நாளில் அவர் ஃப்ளாஸ்க்கில் பொருள் வந்துவிட்டது. என் ஐந்து மாதம் அவருக்கு இரண்டு நாள். மேலாளர் அவர் மேசைக்குப் போனார். ஒரு காலைப் பொழுதில் நான்கு முறை போனார். ஆமாம், எண்ணினேன். என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு வயிறு எரிந்தது. இதற்கு வேறு நாகரிகமான சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

வீட்டில் என் மனைவி தனம் மூன்றாம் நாள் கேட்டுவிட்டாள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்பக்கம் என் சட்டையைத் தனியாக ஊற வைத்துக்கொண்டே, “அந்தப் புள்ள பேர ஒரு நாளைக்கு எத்தன தடவ சொல்றீங்கன்னு தெரியுங்களா? நாத்தத்தச் சொல்லும்போதும் அவ பேரு, பஸ் தாமசம்னாலும் அவ பேரு. உங்களுக்கு என்னதான் ஆச்சு?” என்றாள்.

“நாத்தம் தாங்கல, அதான்” என்றேன்.

“நாத்தம் சட்டையிலதானுங்க இருக்குது” என்றாள் தனம்.

இனி சாட்சிக் கையெழுத்து. நீங்கள் எழுதும் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் இன்னொருவர் ‘படித்தேன், புரிந்துகொண்டேன்’ என்று கையெழுத்திட வேண்டும். அது இல்லாமல் அந்தப் பக்கம் செல்லாது. எதையும் அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. தவறென்றால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் காரணம் எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட்டு, அதற்கும் ஒரு சாட்சி வாங்க வேண்டும். முதல் நாளே இதை உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சம்பிரதாயம் என்று நினைத்திருப்பீர்கள். வளர்மதியின் பக்கங்களுக்குச் சாட்சி நான்தான்.

அவர் தன் பொருளின் என்.எம்.ஆர். தாளை, அதாவது மூலக்கூறின் அமைப்பைக் கோடுகளாகக் காட்டும் தாளை, கொண்டுவந்து வைத்தார். ஒரு பொருளுக்கு ஒரு வரிசைக் கோடுகள் வர வேண்டிய இடத்தில் இரண்டு வரிசை வந்திருந்தது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, உண்மையிலேயே இரண்டு பொருள் கலந்திருக்கிறது, அதாவது பக்கத்து அமிலம் வலக்கை இடக்கை போலக் கண்ணாடி வடிவத்துக்குக் கொஞ்சம் மாறிக் கெட்டுவிட்டது. இன்னொன்று, பொருள் ஒன்றேதான். மூலக்கூறு மிக நெருக்கமாக இருப்பதால் சட்டென்று திரும்ப முடியாமல், பெரும்பங்கு இந்தப் பக்கமும் மீதி அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இதை ரோட்டமர் என்போம். இரண்டில் எது என்று கண்டுபிடிப்பது சுலபம். பொருளைக் கரைத்து வைத்திருக்கும் குழாயைச் சூடேற்றி மறுபடி எடுத்தால் போதும். ரோட்டமர் என்றால் சூட்டில் மூலக்கூறு வேகமாகத் திரும்பத் தொடங்கும், இரண்டு கோடும் நெருங்கி ஒன்றாகிவிடும். கலப்படம் என்றால் ஆகாது. ஒரு மணி நேர வேலை. நெருக்கமான பெப்டைடு செய்கிற யாருக்கும் முதலில் தோன்ற வேண்டியதே இதுதான். அதுவும் வளர்மதி போட்ட கீட்டோன் அசிட்டோன். அதன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் புதிதாகக் கை மாறுகிற இடமே உருவாகாது. ரோட்டமராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

என்.எம்.ஆர். கருவியைப் பார்த்துக்கொண்ட சண்முகம் பக்கத்தில்தான் நின்றார். “ஒருக்கா சூடு பண்ணி எடுத்துப் போடட்டுங்களா சார்?” என்றார். நம் பழைய கருவியை ஒருவர் அளவுக்கு மேல் சூடேற்றிப் பழுதாக்கியதிலிருந்து, சூட்டில் எடுக்க ஒரு சீட்டில் மூத்தவர் ஒருவர் கையெழுத்து வேண்டும் என்று வைத்திருந்தோம். அந்தச் சீட்டிலும் நான்தான் கையெழுத்திட வேண்டும்.

“வேண்டாம். பார்த்தாலே தெரியுதே” என்றேன்.

வளர்மதி தயங்கித் தயங்கி, “ரோட்டமரா இருக்குமோங்க சார்?” என்றார்.

“ரெண்டு கோடு வந்தா ஒடனே ரோட்டமர்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு பாக்காதீங்க. பொருளை ஒழுங்கா பண்ணுங்க” என்றேன். ஆய்வகத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். வளர்மதியின் முகம் சிவந்துவிட்டது. கைகழுவும் தொட்டிப் பக்கம் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். நான் நோட்டில் ‘இரண்டு பொருள்களின் கலவை. ஏற்கத் தக்கதல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்று கவனியுங்கள். நான் பொய் எழுதவில்லை. அந்த நிமிஷத்தில் அதைக் கலவை என்றே நம்பினேன். பொறாமை பொய் சொல்லச் சொல்லாது. சோதிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லும். அதற்கு மேல் அது எதுவும் செய்யத் தேவையில்லை.

மேலாளர் என் கையெழுத்தைப் பார்த்தார். இடுக்கு வேலையில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வளர்மதியின் வழி கைவிடப்பட்டது. என் பதினான்கு படி வழியே தொடரும் என்று வாடிக்கையாளருக்கு எழுதினார்கள். அன்று மதியம் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

வளர்மதி என் மேல் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் என்னை நம்பிவிட்டார். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, மற்ற வேலைகளுக்கு நடுவில் அதே வினையை மறுபடி செய்தார். அமிலத்தின் அளவை மாற்றினார், வெப்பத்தைக் குறைத்தார், புதுப் பாட்டில் உடைத்தார். இரண்டாம் முறையும் அதே இரண்டு வரிசை. மூன்றாம் முறையும், நான்காம் முறையும் அதே. ஒரே மாதிரி நான்கு தடவை வருகிற கலப்படம் உலகத்தில் இல்லை. அதுவே போதும் எனக்கு உறைக்க. எனக்கு உறைக்கவில்லை. அவருக்குத்தான் தன் கை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. தராசில் எடை போட்டுவிட்டு எடுத்து மறுபடி போடுவார். லேபிளை எழுதிவிட்டு மூன்று முறை படிப்பார். எதிர் மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, எனக்கு ஒன்பதாவது படி தாண்டியது. சந்தோஷம் தாங்கவில்லை. நானே குழாயை எடுத்துக்கொண்டு சண்முகத்திடம் ஓடினேன். தாள் வந்தது. இரண்டு வரிசைக் கோடுகள்.

“ரோட்டமர்தான். சூடு பண்ணி எடுத்துருங்க சண்முகம்” என்றேன். சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

சண்முகம் சீட்டை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நல்ல மனுஷன், குத்திக்காட்டத் தெரியாதவர். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். “ஏனுங்க சார், அந்தப் புள்ளயோடதும் இதே மாதிரிதானுங்களே இருந்துச்சு? அதுக்கு மட்டும் ஏனுங்க சூடு வேண்டாம்னீங்க?”

கேட்ட கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

செய்கிற ஒவ்வொரு பொருளிலும் ஒரு சிட்டிகை குளிர்பெட்டியில் எடுத்து வைப்பது நம் வழக்கம். வளர்மதியின் முதல் பொருள் அங்கே இருந்தது. எடுத்து வந்து கொடுத்தேன். சண்முகம் கரைத்துக் குழாயில் ஊற்றி உள்ளே இறக்கினார். வெப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். திரையில் இரண்டு கோடுகளும் முதலில் அடி பருத்தன. பிறகு ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தன. நடுவில் மேடு மாதிரி ஒன்று எழுந்தது. தொண்ணூறு டிகிரியில் ஒற்றைக் கோடு, கத்தி மாதிரி நின்றது. அவ்வளவு சுத்தமான பொருளை என் வாழ்நாளில் நான் அந்த இடத்தில் செய்ததில்லை.

“ஒண்ணாப் போயிருச்சுங்க சார்” என்றார் சண்முகம்.

“அந்தத் தாளை எங்கிட்டக் கொடுங்க. நான் பேசிக்கறேன்” என்றேன். மடித்துப் பைக்குள் வைத்தேன்.

இந்த இடத்தில் நான் நேரே மேலாளரிடம் போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தனத்தின் தம்பி குடும்பத்தோடு ஜேடர்பாளையம் போனோம். தடுப்பணைத் தண்ணீரில் குழந்தைகள் ஆடினார்கள். வறுத்த மீன் வாங்கினார்கள். நான் மீன் முள்ளை நோண்டிக்கொண்டே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் என் வழியை ஒப்புக்கொண்டுவிட்டார். என் ஒன்பதாவது படியும் தாண்டிவிட்டது, வேலை எப்படியும் முடிந்துவிடும். வளர்மதிக்குச் சின்ன வயசு, வேறு வாய்ப்பு வரும். எனக்கு இதை விட்டால் என்ன இருக்கிறது? எல்லாமே நியாயமாகப் பட்டது. தனம், “மீன் நல்லா இல்லீங்களா?” என்று கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை வளர்மதி என் மேசைக்கு வந்தார். கையில் ஒரு விண்ணப்பம். அடுத்த வாரம் அவருடைய ஒப்பந்தத்தை முடிவு செய்யும் கூட்டம்.

“சார், அஞ்சாவது தடவயும் பண்ணிப் பாத்துட்டனுங்க. அதேதான் வருது. என்ற கை இந்த வேலைக்கு ஆவாதுங்க. ஸ்டோர்ல ஒரு எடம் காலியா இருக்குதாம். அங்க மாத்திக் கேட்டிருக்கறன். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்னு சொன்னாங்க” என்றார்.

எனக்கு முதலில் வந்தது வருத்தமில்லை. சந்தோஷம். அதை உங்களிடம் மறைத்தால் இதை எழுதுவதற்கே அர்த்தமில்லை. எதிர் மேசை காலியாகும் என்று மனசு துள்ளியது. பேனாவைத் திறந்தும் விட்டேன். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் ‘செய்முறைத் திறன் போதாமை’ என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார். நான் எடுத்துக்கொண்ட காலத்தில் பாதிகூட எடுக்காமல் என்னைவிட நன்றாகச் செய்தவர் அப்படி எழுதியிருந்தார். அதைப் படித்ததும் பேனா ஓடவில்லை.

“இது இருக்கட்டும். உங்க பழைய நோட்டைக் கொண்டாங்க” என்றேன்.

கொண்டுவந்தார். நான் கையெழுத்திட்ட அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ‘இரண்டு பொருள்களின் கலவை. ஏற்கத் தக்கதல்ல’ என்ற வரியின் மேல் ஒற்றைக் கோடு போட்டேன். பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். வழக்கமாக எழுதுவது ‘பதிவுப் பிழை’. அப்படி எழுதியிருந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். நம் நோட்டில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அன்று எனக்குத் தமிழில்தான் வந்தது. ‘சாட்சியின் பொறாமை. பொருள் ஒன்றே, சுத்தமானது’ என்று எழுதினேன். தேதி போட்டேன். நோட்டை அவர் பக்கம் திருப்பினேன்.

“திருத்தத்துக்குச் சாட்சி வேணும். நீங்க போடுங்க” என்றேன்.

வளர்மதி படித்தார். ஒரு சொல்லைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகுமா என்று தோன்றும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டார். கத்துவார், அல்லது கண் கலங்கி நன்றி சொல்வார் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். நன்றியை எதிர்பார்த்தேன் என்பதே வெட்கக்கேடு.

“சூட்டுல எடுத்த தாளு எங்கீங்க சார்?” என்றார்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மேலே இருந்த தேதியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை. அன்று திங்கட்கிழமை. தாளை என் மேசையிலேயே திரும்ப வைத்தார்.

“இத நானு பாக்கலீங்க. பாக்காததுக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது? ஒருக்கா என்ற கண்ணு முன்னால எடுக்கச் சொல்லுங்க. பாத்துப்போட்டுப் போடறன்” என்றார்.

முப்பத்தோரு வருஷத்தில் என்னை யாரும் அப்படி அறைந்ததில்லை. சீட்டில் கையெழுத்துப் போட்டேன். சண்முகம் மறுபடி குழாயை இறக்கினார். வளர்மதி திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, அறை வெப்பத்திலிருந்து தொண்ணூறு வரை ஒவ்வொரு தாளாக வாங்கிப் பார்த்தார். பிறகு ஆறவிட்டு, கோடு திரும்ப இரண்டாகப் பிரிகிறதா என்றும் பார்த்தார். அதை நான்கூட வெள்ளிக்கிழமை செய்யவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் நோட்டை வாங்கி, ‘படித்தேன், புரிந்துகொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த விண்ணப்பத்தை எடுத்து நான்காக மடித்துக்கொண்டு போனார்.

நோட்டைப் பார்த்த மேலாளர் அதைத் தர உறுதிப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். அங்கிருந்து ஒருவர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். “சார், இந்தக் காரணம் நம்ம பட்டியல்லயே இல்லீங்களே, இத எந்த வகையில சேக்கறதுங்க?” என்று மிகுந்த கவலையோடு கேட்டார். ஒரு வருஷம் என் சாட்சிக் கையெழுத்து செல்லாது என்று நிறுத்தி வைத்தார்கள். வாடிக்கையாளருக்குப் போனது வளர்மதியின் வழியில் செய்த பொருள். ஒப்பந்தம் நிரந்தரமானது. நான் அவருக்குக் கீழே ஒரு திட்டத்தில் வேலையும் பார்த்தேன். நன்றாகவே நடத்தினார். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. எப்போதாவது இங்கே வரும்போது, உங்கள் பிரிவுத் தலைவர் அறைக் கதவில் வளர்மதியின் பெயரைப் பார்த்தால் இன்றும் உள்ளே ஏதோ கடிக்கும். உங்களில் யாருக்காவது அது இருந்தால் அதை விரட்ட நேரத்தை வீணாக்காதீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தாள் என்னுடையதாக இருந்தால் அடுத்து என்ன செய்திருப்பேன்? அதையே செய்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இதை உங்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் வளர்மதிக்கு அனுப்பினேன். அவர் பெயர் இருக்கிறது, அவர் பார்க்காமல் எப்படிக் கொடுப்பது? முந்தாநாள் போனில் கூப்பிட்டார்.

“எல்லாஞ் சரியாத்தானுங்க இருக்குது சார். ஒரு எடம் மட்டும் தப்பு. தொட்டிப் பக்கம் போயி நான் அழுதன்னு போட்டிருக்கறீங்க. நான் அழுவலீங்க. உங்க மேல வந்த கோவத்துல கையுறையக் கழட்டி வீசிப்போட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வந்தன். அவ்வளவுதான்.”

“அப்படியா? சரி, அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு வேற எழுதி அனுப்பிடறேன்” என்றேன்.

“கிழிக்கக் கூடாதுங்க” என்றார். “கோடு போட்டுக் காரணம் எழுதுங்க. நானு கையெழுத்துப் போடறன்.”

ஆகவே அந்த வரியை அங்கேயே விட்டிருக்கிறேன், அதன் மேல் நான் கோடு போட்டிருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். வளர்மதி அழவில்லை. காரணம்: அவர் தொட்டிப் பக்கம் போனதை மட்டும்தான் நான் பார்த்தேன். அழ வேண்டும் என்று அன்றைக்கு ஆசைப்பட்டேன். இத்தனை வருஷமாக, அழுததைப் பார்த்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.